‘பாறை தட்டியது’ என்பதற்கு ஆங்கிலம்

ஒரு கடிதத்தை அனுப்புவதற்கு முன் எத்தனை முறை படித்துப் பார்த்தால் போதும்? ஏழு வருடம் அந்த வேலையைப் பார்த்தும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. இங்கே நான் சொல்லப்போகிற கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அது இன்னும் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றியது.

ரிக் அலுவலகங்களில் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, திருச்செங்கோட்டில் என் பழைய மேஜையில் இப்போது உட்கார்ந்திருக்கும் உங்கள் இருவருக்காக. என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்தபோது நான் வேலையை விட்டேன். பள்ளி விடும் நேரமும் ஆப்பிரிக்காவிலிருந்து போன் வரும் நேரமும் ஒன்றாக இருந்தன. முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போகாதவள் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

நம் அலுவலகத்தின் வேலை உங்களுக்குத் தெரியும். நம் ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. அங்கே இருக்கும் ட்ரில்லர், அதாவது துளை போடும் ஆள், மாலையில் வாட்ஸப்பில் நம் ஊர்ப் பேச்சில் ஒரு குரல்பதிவு அனுப்புவார். அதைக் கேட்டு, வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் அன்றைய அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் வேலை. நேர்முகத் தேர்வில் முதலாளி என்னிடம் இப்படித்தான் சொன்னார்: “அவன் சொல்றதை நீங்க இங்கிலீஷ்ல சொல்லணும் அம்மிணி. வேற ஒண்ணுமில்லீங்க.” அந்த ‘வேற ஒண்ணுமில்லை’யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. ப்ளே ஸ்கூலில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தேன். மேட்டுப்பாங்கான ஒரு வறண்ட பகுதியில், பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கு நம் வண்டி கிணறு போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் காலையில் வகுப்புக்கு முன் தண்ணீருக்காக ஓர் ஓடைவரை நடக்க வேண்டியிருந்தது. கோடையில் ஓடை வற்றினால் அதற்கும் அப்பால் நடக்க வேண்டும். கிணற்றுக்கான செலவை இங்கிலாந்தில் ஒரு சிறிய அறக்கட்டளை ஏற்றுக்கொண்டிருந்தது. அதன் செயலாளராக இருந்த அம்மையாருக்குத்தான் நான் தினமும் அறிக்கை அனுப்பினேன். அவருடைய கடிதங்கள் மிகவும் மென்மையாக இருக்கும். என் குழந்தைக்குப் பல் முளைத்ததைக்கூட விசாரித்தார். அதனாலேயே அவருக்கு நல்ல ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

அது ஒரு திங்கட்கிழமை. மாலையில் ட்ரில்லரின் குரல்பதிவு வந்தது.

“அம்மிணி, நூத்தி நாப்பது அடில கல்லு தட்டிருச்சுங்க. நல்ல கல்லு. கேசிங் உக்காந்துருச்சு. இனிப் பயமில்லைன்னு அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு எழுதிப்போடுங்க. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஐநூறு போயிரலாமுங்க.”

மேல்மண் சரிந்து துளையை மூடிவிடும். அதனால் மண் முடிகிறவரை இரும்புக் குழாய் இறக்குவார்கள், அதுதான் கேசிங். குழாயின் அடி பாறையில் உட்கார்ந்துவிட்டால் துளை பிறகு சரியாது. நம் பக்கத்தில் போர் போடும் இடத்தில் ‘கல்லு தட்டிருச்சு’ என்ற குரல் கேட்டால் தோட்டத்துக்காரர் எல்லோருக்கும் டீ சொல்லுவார். அது நல்ல செய்தி. இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

நான் முதலில் ‘ஹிட் ராக்’ என்று எழுதினேன். பாறையைத் தொட்டுவிட்டோம். இரண்டே சொல். அதோடு அனுப்பியிருக்கலாம். அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வண்டி பாறையில் மோதிவிட்டது என்று அந்த அம்மையார் நினைத்துவிட்டால்? வயதானவர், பயந்துவிடுவார். பாறை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் குழப்பம் வராது. பாறை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அடி என்றால் பாட்டம். ‘ஹிட் ராக் பாட்டம்’ என்று எழுதினேன்.

அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் வாக்கியம் நிறைவாக இருந்தது. உண்மையான ஆங்கிலேயர் எழுதியது போலவே இருந்தது. இதை எங்கோ ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே என்று வேறு தோன்றியது. கேட்டிருக்கிறேன் என்பதே அது சரி என்பதற்குச் சான்று என்று எடுத்துக்கொண்டேன். ராக் பாட்டத்தைத் தொட்டுவிட்டோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று முழு வாக்கியத்தையும் முடித்தேன். நான்கு முறை படித்தேன். ப்ளே ஸ்கூல் ஆயா போன் செய்து, “பாப்பா தூங்கி எந்திரிச்சுருச்சுங்க, வாரீங்களா?” என்று கேட்டார். அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை முதலில் வந்தது பதில் கடிதம் அல்ல, ட்ரில்லரின் போன்.

“ஏனுங்க அம்மிணி, நம்ம ஊட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?”

“இல்லீங்களே அண்ணா. ஏனுங்க?”

“இங்க ரிக்கை நிறுத்திப்போட்டாங்க. ஆஸ்டல் மேடம் வந்து ஆளுக்கொரு டம்ளர் டீயைக் குடுத்து, வேர்க்கடலையும் குடுத்து உக்கார வெச்சிருக்காங்க. என் தோளைத் தட்டித் தட்டிக் குடுக்கறாங்க. கம்ப்ரசர் சூடாயிருச்சு, ஆரம்பிக்கலாம்னு கையைக் காட்டுனா, வேண்டாம் வேண்டாம்கிறாங்க. எனக்கு வேற நெஞ்சு படபடங்குது. நீங்க மறைக்காமச் சொல்லுங்க.”

அவருடைய வீட்டில் எல்லோரும் நலம் என்று சொல்லி, அதை உறுதிப்படுத்த அவருடைய மனைவிக்கும் ஒரு போன் போட்டேன். பிறகு கணினியைத் திறந்தேன். அம்மையாரின் பதில் வந்திருந்தது. அதன் சாரம் இது: உங்கள் செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறேன். இந்த நிலையிலும் மகிழ்ச்சி என்ற சொல்லைப் பயன்படுத்தும் உங்கள் மனத்துணிவு என்னை நெகிழ வைத்தது. எங்களுக்காக உங்கள் ஆட்கள் மேலும் சிரமப்பட வேண்டாம். அவர்களை ஓய்வெடுக்க விடும்படி பள்ளிக்குப் போன் செய்துவிட்டேன். வியாழக்கிழமை எங்கள் குழு கூடி, என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும். குழந்தை நலமா?

இதைப் படித்தும் எனக்குப் புரியவில்லை. மற்ற எல்லாச் சொல்லையும் பார்த்த பிறகுதான், கடைசியாக அகராதியில் ‘ராக் பாட்டம்’ என்பதைப் பார்த்தேன். இதற்குமேல் கீழே போக முடியாத படுமோசமான நிலை. எல்லாவற்றையும் இழந்து நிற்பது. குடித்தே அழிந்தவர்களும் திவாலானவர்களும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. நாம் நாசமாகிவிட்டோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்திருந்தேன்.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை நீங்கள் செய்யாதீர்கள். முதலாளியிடம் உடனே போகவில்லை. இரண்டு மணி நேரம் அகராதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது ஓர் ஓரத்தில் அதற்கு நல்ல அர்த்தமும் இருக்கும் என்று தேடினேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் யோசித்தேன். காய்ச்சல் என்று சொன்னால் நிஜமாகவே வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நம் தொழிலில் தப்பை அது நடந்த மணி நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மணி நேரத்தில் அது தப்புதானா என்று நமக்கே தெரியாது. இதற்கு என்ன செய்வது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

முதலாளி மதியம் வந்தார். சொன்னேன்.

“படிங்க, என்ன எழுதுனீங்க?” என்றார்.

படித்தேன். தமிழிலும் சொன்னேன்.

“ராக்குன்னா பாறைதானுங்களே?”

“ஆமாங்க சார்.”

“பாட்டம்னா அடி?”

“ஆமாங்க சார்.”

“பாறை அடியிலதானே இருக்குது? நீங்க சரியாத்தான் எழுதிருக்கறீங்க அம்மிணி. அந்தம்மாளுக்குத்தான் போரைப் பத்தித் தெரியிலீங்க.”

அவர் முப்பது வருடமாகப் பாறையைத் தட்டி முன்னேறியவர். பாறை தட்டினால் அழிவு என்று ஒரு மொழி சொல்லும் என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தன்னை யாரோ அவமதித்துவிட்டது போல மேஜையைச் சுற்றி நடந்தார். நான் மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்றேன்.

“கல்லு தட்டுனதுக்கு மன்னிப்புக் கேட்ட மொத ஆளு இந்தத் திருச்செங்கோட்டுல நானாத்தான் இருப்பேன். அதெல்லாம் வேண்டாமுங்க. ஆறுதலா நாலு வார்த்தை எழுதுங்க. கவலைப்படாதீங்க, சீக்கிரமே ஆழமான தண்ணிக்குப் போயிருவோம்னு எழுதுங்க.”

டீப் வாட்டர் என்று தட்டச்சு செய்தேன். இப்போது எனக்குப் பாதி புத்தி வந்திருந்தது. அகராதியைப் பார்த்தேன். ஆழமான தண்ணீரில் இருப்பது என்றால் பெரும் சிக்கலில் மாட்டியிருப்பது. அழித்தேன். துளைக்குள் இறங்கிவிட்டோம் என்பதற்கும் பார்த்தேன். அதுவும் கடனிலோ கஷ்டத்திலோ விழுந்ததைத்தான் குறித்தது. நாம் ஊர் ஊராகப் போய் எதையெல்லாம் தேடுகிறோமோ, அதையெல்லாம் அந்த மொழி கெட்ட காலத்துக்கு வைத்திருந்தது. கேட்காமலே மழை பெய்கிற ஊரில் அந்தச் சொற்கள் பிறந்திருக்க வேண்டும். இதை முதலாளியிடம் சொன்னேன்.

“அப்ப நல்லதுக்கு என்னதான் சொல்லுவாங்களாமா?”

அடிப்பாறைக்கு ‘பெட்ராக்’ என்று ஒரு சொல் கிடைத்தது. அதைச் சொன்னேன்.

“பெட்டுன்னா படுக்கிறதுதானுங்க? ஏற்கெனவே ரிக்கு நிக்குது. பாறையும் படுத்துருச்சுன்னு எழுதுனா, அந்தம்மா வண்டியையே திருப்பி அனுப்பிருவாங்க.”

பெட்ராக் மிகச் சரியான சொல். அகராதி, இணையம், பொறியியல் படித்த என் தம்பி என்று மூன்று இடத்தில் சரிபார்த்தேன். ஆனாலும் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு சொல் ஒட்டிய எதையும் அந்த நேரத்தில் நம்ப முடியவில்லை. ஒட்டும்போதுதான் அர்த்தம் மாறிவிடுகிறது. கடைசியில் ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுதுவது போல எழுதினேன். மண்ணுக்குக் கீழே உறுதியான பாறை இருக்கிறது. இது நல்லது. துளை சரியாது. எங்கள் ஆட்கள் நலம். வேலையைத் தொடர அனுமதியுங்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில் ரகசியம் எனக்கு அந்தக் கடிதத்தில்தான் கிடைத்தது: தரை என்ன செய்ததோ அதை மட்டும் எழுதுங்கள். அது எதைப் போல இருந்தது என்று எழுதாதீர்கள்.

அதற்குக் கீழே, முந்தைய கடிதத்தில் நான் தவறான சொல்லைப் பயன்படுத்திவிட்டேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். முதலாளி அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இது என்னுங்க?”

“தப்பு என்னுதுங்க சார்.”

“உங்க தப்புன்னு எழுதாதீங்க. நாளைக்கு அந்தம்மா வேற ஆளைப் போடுங்கம்பாங்க. கம்பெனி தப்புன்னும் எழுதாதீங்க.”

“அப்ப யார் தப்புன்னு எழுதறதுங்க?”

“தப்புன்னே எழுதாதீங்க சாமி. பாறை நல்ல பாறைன்னு எழுதுங்க, போதும்.”

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அந்த ஒரு வரி இல்லாததால் கடிதம் வேறு மாதிரி படிக்கப்பட்டது. எங்கள் நிலை மோசம்தான், ஆனால் சுயமரியாதை காரணமாக இப்போது மறைக்கிறோம் என்று அம்மையார் புரிந்துகொண்டார். குழுவிடம் ஒப்படைத்த விஷயத்தைக் குழுதான் முடிக்க வேண்டும் என்று புதன்கிழமை கனிவாகப் பதில் எழுதினார். முதலாளி அவரிடம் நேரடியாகப் போனில் பேசினார். “நோ ப்ராப்ளம் மேடம், ராக் குட், ராக் வெரி குட்” என்று நான்கு முறை சொன்னார். தைரியமாக இருங்கள் என்றார் அம்மையார்.

ட்ரில்லரும் தன் பங்குக்கு முயன்றார்.

“பேச்சு ஆகறதில்லீங்க, பொருளையே காட்டிரலாம்னு அந்தக் கல்லுத் தூளை ரெண்டு கை நிறைய அள்ளிக் கொண்டுபோயி ஆஸ்டல் மேடத்துக்கிட்ட நீட்டுனேன் அம்மிணி.”

“என்ன சொன்னாங்க?”

“கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க.”

வியாழக்கிழமை மாலை குழு கூடியது. நம் நிலை எதுவானாலும் நம்மையே தொடரச் சொல்வது என்று ஒருமனதாக முடிவானது. ஆனால் அன்று மதியமே அந்த மேட்டுப் பகுதியில் மழை பிடித்திருந்தது. வண்டி திரும்பும் வழியில் பாலமில்லாத ஓர் ஆறு. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கடக்காவிட்டால் மழைக்காலம் முடியும்வரை வண்டியும் ஆறு ஆட்களும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ட்ரில்லர் துளையை ஆரம்பித்தார். இருநூற்றுத் தொண்ணூறில் தண்ணீர் தட்டியது. முந்நூற்றுப் பத்தில் நிறுத்தினார்.

அன்றைய குரல்பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. பின்னணியில் பெண்பிள்ளைகள் கூச்சலிடுவது கேட்கும். “தண்ணி வந்துருச்சுங்க அம்மிணி. பிள்ளைக எல்லாம் நனைஞ்சுட்டு நிக்குதுக. ஊத்து சன்னமாத்தான் இருக்குது. இன்னும் நூறு, நூத்தம்பது போனா நல்ல ஊத்து கெடைக்கும்னு எம் மனசு சொல்லுது. ஆனா வண்டியை எடுத்தாகணும். செவ்வாக்கெழமை உடாம ஓட்டிருந்தா ஐநூறு போயிருக்கலாமுங்க. செரி, உடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, அந்த வெள்ளைக்காரம்மா நிறுத்திப்போட்டாங்க.”

யார் நிறுத்தினார்கள் என்று நான் அவருக்கும் சொல்லவில்லை.

அந்தத் துளையில் பொருத்திய அடிகுழாய் இன்றும் இயங்குகிறது. மழைக்காலத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும். கோடையில் காலை பத்து மணிவரை வரும். அதற்குப் பிறகு பிள்ளைகள் பழையபடி நடக்கிறார்கள். கீழே நிஜமாகவே நல்ல ஊற்று இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ட்ரில்லரின் மனது பல முறை தவறாகச் சொல்லியிருக்கிறது. இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

வேலையை விடுவதற்கு ஒரு மாதம் முன்பு, ட்ரில்லர் ‘ஆஸ்டல் மேடம்’ என்று சொன்ன விடுதிக் காப்பாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அலுவலக முகவரிக்குத்தான், ஆனால் என் பெயருக்கு. நமக்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்ட அறக்கட்டளையின் அம்மையார், தன் அவசரப் புரிதலால்தான் மூன்று நாள் வீணானது என்று பள்ளிக்கு எழுதி வருந்தியிருந்தாராம். காப்பாளர் அதற்கும் ஒரு படி மேலே போயிருந்தார். உங்கள் ஆட்கள் கையைக் காட்டிக் கெஞ்சியும் நான்தான் எந்திரத்தை ஓட்ட விடவில்லை, அந்த மூன்று நாளுக்காக என்னை மன்னித்துவிடுங்கள், கோடையில் பிள்ளைகள் குடத்தோடு போவதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

அலுவலகத்தின் சார்பில் இரண்டு வரி நன்றி எழுதி அனுப்பினேன். கடிதத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துவந்தேன். மகளின் தடுப்பூசி அட்டை இருக்கும் உறையில் வைத்திருக்கிறேன்.

இதற்கு மேல் என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவருக்கு உண்மையை எழுதலாமா? எழுதினால் அவர் மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கும். ஆனால் பள்ளி, மீதி ஆழத்தையும் போட்டுக்கொடுங்கள் என்று நம் முதலாளியைக் கேட்கலாம், கேட்பது நியாயமும்கூட. என்னைக் காப்பாற்ற ஒரு வரியை எடுக்கச் சொன்னவரை, வேலையை விட்ட பிறகு நானே மாட்டிவிட்டது போல ஆகும். எழுதாவிட்டால், என் மூன்று நாளை அந்தப் பெண்மணி ஒவ்வொரு கோடையிலும் தன் கணக்கில் சுமப்பார். நான்கு முறை எழுதினேன், நான்கையும் கிழித்தேன். முதலாளியிடம் முதலில் கேட்பதா, கேட்காமல் எழுதுவதா? அவரிடம் தினமும் பேசுகிறவர்கள் நீங்கள்; அவருடைய கோபமும் இரக்கமும் இப்போது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பள்ளியில் கோடை தொடங்குவதற்கு முன் எனக்கு ஒரு பதில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.